களைப்புக்கு மருந்து தேடும் முன் காரணத்தைத் தேடுவோம்

(களனியில் நடைபெற்ற, கொழும்பில் தொழில் புரியும் மலையகத் தொழிலாளர் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் வேலை செய்த உடம்பு ஏழாம் நாள் படுக்கையைத்தான் கேட்கும். அதை விட்டுவிட்டு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. நாம் இன்று பேசப் போவதும் அந்த உடம்பைப் பற்றித்தான்.

பக்கத்தில் ஓடும் இந்தக் களனி கங்கை நமக்கு அந்நியமான ஆறு அல்ல. சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து வரும் மஸ்கெலியா ஓயாவும், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமிருந்து வரும் கெசல்கமு ஓயாவும் கூடித்தான் இந்த ஆறு உண்டாகிறது. மவுசாகலையிலும் காசல்ரீயிலும் தேங்கி நின்று, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி, முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. நமது பிள்ளைகளும் அதே வழியில்தான் இறங்கி வந்தார்கள். கொழுந்துக் கூடையை விட்டு வந்தவர்கள் கடையிலும் ஹோட்டலிலும் வீட்டு வேலையிலும் பட்டறையிலும் நிற்கிறார்கள். அப்படி ஒரு பட்டறையில் நின்ற பிள்ளையின் கதையோடு தொடங்குவோம்.

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலுள்ள எமது அங்கத்தவர் ஒருவரின் மகன். வயது இருபத்துமூன்று. பழைய பற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கும் ஒரு சிறு பட்டறையில் மூன்று வருடம் வேலை செய்தார். மூன்றாம் வருடத்தில் ஆள் சோர்ந்து போனார். காலையில் எழும்ப முடியவில்லை. வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி, மலச்சிக்கல், தலையிடி, தூக்கமின்மை. சும்மா சொன்னதற்கெல்லாம் கோபம். லீவில் வீட்டுக்குப் போனபோது, "கொழும்புக் காத்துப் பட்டு விட்டது" என்று தாய் கோயிலில் நூல் கட்டினார். பிறகு யாரோ சொல்லி, இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் என்று ஒரு சிவப்புத் தூளை வாங்கிக் கொடுத்தார்கள். பெயரில்லாத கடதாசிச் சரையில் கட்டிய தூள். தாயின் சீட்டுக்காசு அதற்குப் போனது. பையன் தூளைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு அதே பட்டறைக்கு, அதே அடுப்படிக்குத் திரும்பினார்.

இரண்டு மாதத்தில் வலது கை மணிக்கட்டு தொங்கியது. தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. எமது மாதர் பிரிவுத் தோழிகள் அவரை அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஓர் இளம் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

அதற்கு முன் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. சம்பளப் பாக்கி விடயமாக அந்தப் பிள்ளை இரண்டு தடவை சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். சுவரில் சாய்ந்துகொண்டுதான் பேசினார். நாம் சம்பளக் கணக்கைப் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை. இன்றைய பேச்சை அந்தத் தவறை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இரத்தப் பரிசோதனையில் ஈயம் இருக்கக்கூடிய அளவை விடப் பல மடங்கு இருந்தது.

தோழர்களே, ஈயம் புகையாகவும் தூசியாகவும் உள்ளே போகிறது. கை கழுவாமல் சாப்பிட்டால் சோற்றோடு போகிறது. இரத்தத்தில் கலந்த ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆனால் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்கிவிடும். அங்கே பல வருடங்கள் கிடக்கும். கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் எலும்பிலிருந்து அது மீண்டும் இரத்தத்துக்கு வந்து பிள்ளையைச் சேரும். இரத்தம் ஊறும் வேலையை ஈயம் கெடுப்பதால் சோகை உண்டாகிறது. இதனால் பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது.

பற்றரி வேலையில் மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பழைய கட்டடத்தின் பெயின்ரைச் சுரண்டும் வேலையில் ஈயம் உண்டு. பெயின்ரில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நமது நாட்டில் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியது இன்னும் சுவர்களில் இருக்கிறது. வாகன ரேடியேற்றருக்கு ஈயப் பற்று வைக்கும் வேலையில் உண்டு. நகைப் பட்டறையில் சிலவகைப் பொடி வைத்து ஊதும்போது கட்மியம் என்ற வேறொரு நஞ்சு புகையாக வரும். ஒரு காலத்தில் அச்சகங்களில் ஈய எழுத்துக் கோர்த்தவர்களுக்கும் இந்த நோய் வந்தது. தொழிலாளர் பத்திரிகைகளும் அந்த எழுத்தில்தான் அச்சாயின.

சரி, களைத்துப்போன எல்லோருக்கும் ஈயமா காரணம்? இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குக் களைப்பு வருவது வேலையால்தான். தோட்டத்தில் 2021 மார்ச்சில் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது, பல இடங்களில் கொழுந்தின் கிலோக் கணக்கையும் சேர்த்து உயர்த்தினார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். கொழும்பில் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு இழுத்துப் பூட்டும் பிள்ளைக்கு அரைப்பேர் என்ற சொல் இல்லை. ஆனால் அதே கதைதான். உடம்பு மட்டுமல்ல, மனமும் ஒருநாள் விட்டுப்போகும். செய்யும் வேலையில் வெறுப்பு வரும். எதைச் செய்தும் பயனில்லை என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தொழிலோடு சேர்ந்த ஒரு நிலை என்று தனது பட்டியலில் எழுதியது. வேலையிடத்து நெருக்கடி நீண்ட காலம் தீர்க்கப்படாமல் கிடந்தால் வருவது என்று அதற்கு விளக்கமும் கொடுத்தது. ஆளின் சோம்பேறித்தனம் என்று அதில் எங்கும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலைக் களைப்பும், சோகையும், ஈய நஞ்சும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சோர்வு, தூக்கமின்மை, எரிச்சல், மறதி. முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. இரத்தத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இனி மாற்று வைத்தியத்துக்கு வருவோம். நாம் நாட்டு வைத்தியத்துக்கு எதிரானவர்கள் அல்ல. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரே வெள்ளைக் குளிசையை எல்லா நோய்க்கும் கொடுத்த காலத்தில், நமது பாட்டிமாரின் கொத்தமல்லித் தண்ணீரும் வேப்பிலையும்தான் நம்மைக் காப்பாற்றின. நமது நாட்டில் 1961இலேயே ஆயுர்வேதச் சட்டம் வந்தது. வைத்தியர்களைப் பதிவு செய்ய ஒரு சபை இருக்கிறது. பொரளையில் அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. படித்துப் பதிவு பெற்ற வைத்தியரும், பஸ் நிலையத்தில் சரை விற்பவரும் ஒன்றல்ல.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. சித்த, ஆயுர்வேத முறைகளில் மூலிகை மருந்தும் உண்டு, தாது மருந்தும் உண்டு. பற்பம், செந்தூரம் என்ற வகைகளில் சிலவற்றைப் பாதரசம், ஈயம் முதலியவற்றைக் கொண்டே செய்கிறார்கள். சுத்தி செய்து புடம் போட்டால் நஞ்சு நீங்கும் என்பது அந்த முறையின் நம்பிக்கை. 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய, தென்னாசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்தார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று. அந்தப் பிள்ளை சாப்பிட்ட சிவப்புத் தூளில் என்ன இருந்தது என்று நமக்கு இன்றும் தெரியாது. ஈயம் ஏறிய உடம்புக்கு, என்னவென்று தெரியாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தோம்.

"உடம்பிலுள்ள நஞ்சை இழுக்கிறோம்" என்று காலைத் தண்ணீரில் வைக்கும் இயந்திரத்துக்கும் நமது தோழர் ஒருவர் காசு கொடுத்திருக்கிறார். தண்ணீர் பழுப்பாக மாறியதும் நம்பிவிட்டார். உப்புத் தண்ணீரில் இரும்புத் தகட்டை வைத்து மின்சாரம் விட்டால் துருப்பிடித்துத் தண்ணீர் பழுப்பாகும். காலை வைக்காவிட்டாலும் பழுப்பாகும். பேதிக்கு எடுப்பதாலும் எலும்பில் கிடக்கும் ஈயம் வராது; உடம்பின் நீரும் உப்பும்தான் போகும்.

உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து ஆங்கில வைத்தியத்தில் இருக்கிறது. அளவு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மட்டும், வைத்தியசாலையில் கண்காணிப்பில் கொடுப்பது. ஆங்கில மருந்துதானே என்று அதையும் கண்ட இடத்தில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, வைத்தியரின் அறையிலேயே, அந்த வகையில் தவறான மருந்தை ஏற்றியதால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி உயிர் போனது.

அப்படியானால் எது உதவும்? நமது பையன் தேறிய வழியைச் சொல்கிறோம். முதலாவது, பட்டறையை விட்டார். அதுதான் முதல் மருந்து. ஈயப் புகைக்குத் திரும்பிப் போகிறவருக்கு எந்த மருந்தும் வீண். இரண்டாவது, வைத்தியசாலை சொன்ன சிகிச்சையை முடித்தார். குறித்த நாட்களில் திரும்பப் போய் இரத்தம் கொடுத்தார். மூன்றாவது, சாப்பாடு. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். வெறும் ரொட்டியும் சாயத்தண்ணியும் போதாது. நெத்தலிக் கருவாடு, முருங்கையிலை, கீரை, பருப்பு, முடிந்தபோது முட்டை, பால். கூடவே தேசிக்காயோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே தேத்தண்ணீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். தேயிலை இரும்புச் சத்தைத் தடுக்கும். தேயிலையோடு பிறந்த நமக்கு இது கசப்பான செய்திதான்.

நாலாவது, ஓய்வு. தாய் வீட்டில் இரண்டு மாதம் இருந்தார். காலையில் இலைக்கஞ்சி, மாலையில் நடை, இரவில் தூக்கம். வலித்த மூட்டுக்குத் தாய் எண்ணெய் தடவிவிட்டார். இவையும் நாட்டு வைத்தியம்தான். இவற்றில் நஞ்சு இல்லை, காசும் அதிகமில்லை. கை மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறார். மறதி இன்னும் முழுதாகப் போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தோழர்களே, அந்த இரண்டு மாத ஓய்வுக்கு யார் காசு கொடுத்தது? தாய் தேயிலை மலையில் மேலதிகக் கொழுந்து எடுத்துக் கொடுத்தார். ஒருவர் களைப்பை இன்னொருவர் சுமந்தார். இங்கேதான் வைத்தியம் முடிந்து சங்கத்தின் வேலை தொடங்குகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிற்சாலையில் ஈய நஞ்சு ஏற்பட்டால் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தோடு தொழில்சார் நோய்களையும் சேர்த்துப் பேசுகிறது. ஆனால் நோய்க்குப் பெயர் வைக்கப்படாவிட்டால் சட்டம் வாய் திறக்காது. "காத்துப் பட்டது" என்று சொன்னால் நட்டஈடு இல்லை. "ஈயம்" என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால்தான் வழக்கு உண்டு. ஆகவே பரிசோதனைத் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

இன்றிலிருந்து சில காரியங்களைச் செய்வோம். களைப்பு என்று எவர் காரியாலயத்துக்கு வந்தாலும், என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், என்ன புகை, என்ன தூசி என்று நாம் கேட்போம், எழுதி வைப்போம். உலோகப் புகையில் நிற்கும் அங்கத்தவரை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவோம். வைத்தியரிடம் என்ன வேலை செய்கிறோம் என்று அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்வோம். நாட்டு மருந்து வாங்கும்போது, "ஐயா, நீங்கள் பதிவு பெற்றவரா? இதில் பற்பமோ செந்தூரமோ இரசமோ இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்போம். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். சாப்பிடும் மருந்தை வைத்தியசாலையில் மறைக்காமல் காட்டுவோம். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்க மாட்டோம். முதலில் குளிப்பு, உடுப்பு மாற்றம். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

முதலாளிமாரிடம் நாம் கேட்பது இவை: புகை வெளியேற வழி, கை கழுவவும் குளிக்கவும் இடம், சாப்பிடத் தனி இடம், வருடாந்த இரத்தப் பரிசோதனை, நோய் கண்டால் சம்பளம் குறையாமல் வேறு வேலை. தோட்டத்தில் நாம் கேட்பது: மருத்துவச் சான்றோடு வரும் பெண்ணுக்கு அரைப்பேர் போடாதே.

களைத்தவர் தனியே மருந்து தேடிப் போனால் சரைத் தூள்தான் கிடைக்கும். ஆகவே சேர்ந்து போவோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் மாதர் பிரிவுத் தோழிகள் ஒரு கொப்பியோடு இருப்பார்கள். பெயரையும் செய்யும் வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.