கைமாறும் வண்டியும் வருமான அனுமதிப்பத்திரமும்

றொசல்ல புகையிரத நிலையத்தை அடுத்த தேயிலை மலைகளிலே, முச்சக்கர வண்டி ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் நோயாளியை ஹற்றனுக்குக் கொண்டு செல்வதும், மழை நாளிற் பிள்ளைகளைப் பள்ளி சேர்ப்பதும் அதுவே. சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு வண்டி வாங்கியவர், சில ஆண்டுகளில் அதனை விற்று வேறொன்று வாங்குகிறார். விலை பேசுவதிற் காட்டும் கவனத்திற் பாதியையேனும் பத்திரங்களிற் காட்டுவோர் மிகச் சிலரே.

வண்டி வீதியில் ஓடுவதற்கு ஆண்டுதோறும் பெறவேண்டியது வருமான அனுமதிப்பத்திரம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர், இக்கட்டணம் மாகாண சபைக்குரிய வருமானமாயிற்று. காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்டிப் பிரதேச செயலகத்தில் இதனைப் பெறலாம்.

வண்டி கைமாறும்போது இப்பத்திரம் என்னாகிறது? பிரித்தானியாவில் வரி வண்டியோடு செல்வதில்லை. 1921 முதல் கண்ணாடியில் ஒட்டப்பட்டு வந்த வரிச்சீட்டு, 2014 ஒக்டோபர் 1 ஆம் திகதி ஒழிக்கப்பட்டது. அதுமுதல், விற்பவருக்கு எஞ்சிய முழு மாதங்களின் பணம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. வாங்குபவர் புதிதாக வரி செலுத்தியே வண்டியை ஓட்டலாம். இலங்கையிலோ அனுமதிப்பத்திரம் வண்டியோடு செல்கிறது. ஆதலின் எட்டு மாதக் காலம் எஞ்சிய பத்திரத்தோடு விற்பவர், அதன் பெறுமதியை விலையிலே சேர்த்துப் பேசிக்கொள்வது முறை. காலங்கடந்த பத்திரத்தோடு வாங்குபவரோ, நிலுவையும் தண்டப்பணமும் எவ்வளவு என்று முன்னரே விசாரித்து, அதனை விலையிற் கழித்துக்கொள்ளல் வேண்டும். “வண்டி கொட்டகையிற் கிடந்தது, ஓடவில்லை” என்ற வாய்ச்சொல் நிலுவையைத் தீர்த்துவிடாது. ஓட்டாத காலத்தை உரிய அலுவலகத்துக்கு உரிய வேளையில் எழுத்து மூலம் அறிவித்திருத்தல் வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. வெற்றுப் படிவத்திற் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தோடு வீடு திரும்பும் வழக்கமே அது. வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றாமலே இன்னொருவருக்கு விற்கிறார். அவர் வேறொருவருக்கு விற்கிறார். ஓராண்டின் பின் அவ்வண்டி எங்கோ ஒருவர்மீது மோதிவிட்டது எனக் கொள்க. ஏட்டிலுள்ள பெயர் தோட்டத்துத் தொழிலாளியின் பெயரே. பொலிசார் தேடி வருவதும் அவர் லயத்துக்கே. நாட்கூலியை இழந்து நீதிமன்றத்துக்கு அலையும் அவர், தாம் விற்றுவிட்டதை எதனைக்கொண்டு மெய்ப்பிப்பார்?

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. விற்றவர் எம்.ரி.ஏ. 6 என்னும் படிவத்தை நிரப்பி, மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்குத் தாமதியாது பதிவுத் தபாலில் அனுப்புதல் வேண்டும். வாங்கியவர் எம்.ரி.ஏ. 8 படிவத்தின் மூலம் தம் பெயரைப் பதிதல் வேண்டும். தவணைப் பணம் முடியாத வண்டியாயின், கடன் கொடுத்த கம்பனியின் சம்மதமின்றி அதனை விற்றல் ஆகாது.

தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டு மிகச் சிறிய தாள்தான். எனினும், வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியோடும், திகதியும் நேரமும் குறித்த விற்பனைக் கடிதத்தோடும் அதனைப் பேணி வைத்திருப்பவர், தம் உழைப்பின் பயனைக் காத்துக்கொண்டவராவார். வண்டியைக் கொடுக்கும் அன்றே பெயரையும் மாற்றக் கொடுத்துவிடுதல் இருவருக்கும் நன்று.