போவாசின் வயலில் தண்ணீர்க் குடங்கள்

(நெய்வேலியில் நடைபெற்ற மிஷன் ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூட்டத்தில் அளிக்கப்பட்ட செய்தி)

ஆஸ்பத்திரியின் கிராம சுகாதார ஊழியத்தை உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கி வருகிறீர்கள். அதில் ஒரு பகுதியை இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, நெய்வேலி நகரியம் எழும்பியது. இங்கே அகலமான சாலைகளும் மரநிழலும் உண்டு; நிரந்தர ஊழியருக்கு நிறுவனத்தின் ஆஸ்பத்திரியும் உண்டு. நகரியத்தைத் தாண்டிச் சென்றால், சேத்தியாத்தோப்பு, நெல்லிக்குப்பம் ஆலைகளுக்குக் கரும்பு விளையும் வயல்கள். வெட்டுக் காலத்தில் வெளியூர்க் குடும்பங்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி வந்து, வயலோரம் கொட்டகை போட்டுத் தங்குகின்றன. புருஷன் வெட்டுவான், மனைவி சோகை கழித்துக் கட்டுக் கட்டுவாள். கூலி டன் கணக்கில். ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே நோய் முற்றிய பிறகே வருகிறார்கள்.

வருகிற பெண்களில் பலருக்குச் சிறுநீர்த் தொற்றும் தலைசுற்றலும் இருக்கக் கண்டோம். "தண்ணி ஏம்மா குடிக்கிறதில்லை?" என்று கேட்டதற்கு, "குடிச்சா ஒதுங்கணும். வெட்டின கொல்லையில எங்கம்மா ஒதுங்கறது?" என்றாள் ஒரு தாய். மறைவிடம் இல்லாததால், கொளுத்தும் வெயிலில் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற உபதேசம் மட்டும் இவர்களுக்குப் போதுமா?

இது நம் ஊர்க் கவலை மாத்திரமல்ல. ஸ்பானிய மொழி பேசும் நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில், கரும்பு வெட்டும் வாலிபர்கள் பலருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போகிறது. கடும் வெயிலில் ஓய்வின்றி உழைப்பதும், உடலில் நீர் வற்றுவதும் முக்கியக் காரணங்கள் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த வயல்களில் பாதிப்பு குறைந்திருக்கிறது.

மோவாபிய ஸ்திரீயாகிய ரூத்தும் பிழைப்புக்காக வந்த பெண்தான். போவாஸ் அவளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை. வேலைக்காரர் அவளைத் தொடக்கூடாதென்று கட்டளையிட்டான்; தாகம் எடுத்தால் குடங்களில் குடிக்கச் சொன்னான். பாதுகாப்பும் தண்ணீரும் ஒன்றாகவே வந்தன.

அதையே நாங்களும் செய்யப் பிரயாசப்படுகிறோம். வேலை முடிந்த பிறகு, மாலையில் கொட்டகைக்கே போகிறோம். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970-ல் ஊழியம் தொடங்கிய டாக்டர் ராஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபல் ஆரோளே தம்பதியர், எழுத்தறியாத கிராமப் பெண்களையும் சுகாதார ஊழியராக்கிக் காட்டினார்கள். அவ்வழியே ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி அளிக்கிறோம். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்க அவளுக்குத் தெரியும். பாம்பு கடித்தால் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட காலை அசைக்காமல், உடனே 108-ஐ அழைக்கச் சொல்வாள். கர்ப்பிணிகள் ஊர் மாறும்போது பரிசோதனை அட்டையைக் கையோடு எடுத்துப்போகிறார்களா என்று பார்ப்பாள். நாங்கள் சொன்னால் தலையாட்டுகிறவர்கள், அவள் சொன்னால் செய்கிறார்கள்.

நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும் இருந்தால் வயலோரம் ஒரு மறைவிடம் எழும்பும். ஒரு சிறு குழியும் வேண்டும். வேலை அடுத்த வயலுக்கு மாறும்போது குழியை மூடிவிட்டுக் கம்பையும் பாயையும் பெயர்த்துப் போகலாம். பக்கத்தில் மூடியுள்ள மண்பானை. இவை வந்த இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்கிறார்கள்.

உங்கள் காணிக்கை பானையாகவும் பாயாகவும் வயலுக்குப் போகும். இன்னொரு விண்ணப்பமும் உண்டு. உங்களில் கரும்பு பயிரிடுகிறவர்கள் இருக்கிறீர்கள். இனத்தாரில் மேஸ்திரிகளும் இருக்கலாம். உச்சிவேளையில் ஒரு மணி நேர ஓய்வு கொடுங்கள். அந்த மறைவிடத்தை நீங்களே போட்டுக் கொடுங்கள். நோயாளி எங்கள் வாசலுக்கு வந்தால் மருந்து கொடுப்போம். நோய் வராமல் காக்க, வயலுக்குச் சொந்தக்காரராகிய உங்களால்தான் கூடும்.

இந்தக் குடும்பங்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.