நோயாளர் வரிசையில் இல்லாதவர்கள்



மறைந்த தாதி ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. நானும் அரசு கிளினிக்கில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். அதனால் இறையியல் நுட்பங்களைவிட, கிளினிக்கிலும் கோவில் பெஞ்சிலும் நான் பார்த்த மனிதர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில், 1928-இல் எழுந்த லூர்து மாதா கோவில் உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி 11 மாதாவின் திருநாள். 1858-இல் அதே நாளில்தான் பெர்னதெத் என்ற 14 வயது ஏழைச் சிறுமிக்கு லூர்து குகையில் மாதா முதன்முதலாகக் காட்சி தந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் இந்த நாளையே உலக நோயாளர் நாளாக அறிவித்தார். 1993 முதல் உலகெங்கும் கொண்டாடுகிறோம். அந்த நாளை ஒட்டிப் பல பங்குகளில் நோயில் பூசுதல் நடக்கும். முழங்கால் வலிக்காரர் வருவார். டயாலிசிஸ் செய்கிறவர் வருவார். இருதய அறுவைக்குத் தேதி வாங்கியவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்.

வராதவர் ஒருவர் இருக்கிறார். மூன்று மாதமாக இரவில் தூங்காதவர், பிள்ளைகள் பேசினாலும் காதில் ஏறாதவர், குளிக்கக்கூட மனம் வராதவர். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். தனக்கு வந்திருப்பது நோய் என்று அவர் நினைக்கவில்லை. விசுவாசக் குறைவு என்று நினைக்கிறார். பக்கத்தில் இருப்பவர்களும் அப்படியே சொல்லிவிட்டார்கள்: “ஜெபமாலை சொல்லுங்க அக்கா, எல்லாம் சரியாயிடும்.” ஜெபமாலை சொல்லட்டும், நானும் நாள்தோறும் சொல்கிறேன். ஆனால் இனிப்பு நீர் வந்தவரை ஜெபமாலையோடு மட்டும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். மன நோய் வந்தவரை மட்டும் ஏன் அப்படி அனுப்புகிறோம்? இன்று நான் கேட்க வந்தது இந்த ஒரு கேள்விதான்.

சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மனச்சோர்வு 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு. இந்த இரண்டு நோய்களும் தனித்தனியாக இருப்பதில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல். மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், நடையை விடுவார், கிடைத்ததைச் சாப்பிடுவார். அதனால் சர்க்கரை ஏறும். அளவு ஏறியதற்காக அவரைக் கிளினிக்கில் திட்டுகிறோம். ஏன் ஏறியது என்று கேட்க நேரம் ஒதுக்குவதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மின் அட்டை குளிர்பெட்டி மேல், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி இருந்தது. மனச்சோர்வு மாத்திரையை அந்த அம்மா அட்டையிலிருந்து பிரித்து, பழைய வைட்டமின் புட்டியில் போட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தார். மருமகள் பார்த்தால் தஞ்சோங் ரம்புத்தான் என்று பேச்சு வருமாம். 1911-இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நம் மக்கள் நூறாண்டுக்கு மேலாக ஏச்சுச் சொல்லாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்து சிகிச்சையைக் கைவிட்டவர்கள் ஏராளம். அந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் நவநாளுக்குப் போகும் பொறுமை நமக்கு உண்டு. மாத்திரைக்கு மட்டும் ஒரு வாரம் தந்துவிட்டு, “கேட்கவில்லை” என்று நிறுத்திவிடுகிறோம்.

விசுவாசத்துக்கும் மருந்துக்கும் பகை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? திருச்சபை சொல்லவில்லை. சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் திறந்து பாருங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்தை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்கிறது. செபிக்கவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவக் குழு ஒன்று இயங்குகிறது. குணமானதாகச் சொல்லி வருபவர்களை மருத்துவர்கள் பரிசோதிக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் சொல்லியும், திருச்சபை புதுமை என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். லூர்து குகையில் ஊற்றைத் தோண்டிய பெர்னதெத் ஆஸ்துமாவோடு வளர்ந்து, காசநோயால் 1879-இல் 35 வயதில் இறந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வோமா?

குழந்தை தெரசாளின் படம் நம்மில் பலர் வீட்டில் உண்டு. அவருடைய அப்பா லூயி மார்த்தேன் மன நோயாளி. 1889 பிப்ரவரியில் அவரைக் கான் நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள்; மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். மகள்கள் ஒருவர் பின் ஒருவராகக் கன்னியர் மடத்துக்குப் போனதால்தான் அவருக்குப் புத்தி பேதலித்தது என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் தெரசாள் மடத்துக்குள் வாழ்ந்தார். அந்த அப்பாவை 2015 அக்டோபர் 18-இல் திருத்தந்தை பிரான்சிஸ், அவர் மனைவி செலியோடு சேர்த்துப் புனிதராக அறிவித்தார். மனநல மருத்துவமனையில் மூன்று ஆண்டு கிடந்த ஒருவர் பீடத்தில் இருக்கிறார். நம் வீட்டு அப்பாவுக்கு அப்படி வந்தால் மட்டும் ஏன் கல்யாணப் பேச்சு முடியும்வரை மறைக்கிறோம்?

இப்போது இளையோருக்குச் சற்று விரிவாக ஒன்று சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு வாராவாரம், சில சமயம் வாரத்தில் இரண்டு மூன்று முறை, போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொன்ன பாவத்தையே மறுபடி சொல்வார்கள். முழுசாகச் சொன்னோமா, மனஸ்தாபம் போதுமா, நற்கருணை வாங்கலாமா என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். பெற்றோர் “எவ்வளவு பக்தியான பிள்ளை” என்று பெருமைப்படுவார்கள். உள்ளே அந்தப் பிள்ளை வெந்துகொண்டிருக்கும்.

இதே தீயில் வெந்தவர் இஞ்ஞாசியார். 1521-இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்தது; மனம் மாறினார். மறு ஆண்டு மன்ரேசாவில் தங்கினார். மூன்று நாள் எடுத்து, எழுதி வைத்து, முழு வாழ்வின் பாவங்களையும் ஏற்கெனவே அறிக்கையிட்டிருந்தார். ஆனாலும் ஏதோ விட்டுப்போனது என்ற உறுத்தல் ஓயவில்லை. மறுபடி போனார், மறுபடியும் போனார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இது தீரும்வரை உண்ணமாட்டேன் என்று ஞாயிறு முதல் ஞாயிறுவரை பட்டினி கிடந்தார். ஆன்ம குரு சாப்பிடச் சொன்னார், கீழ்ப்படிந்தார். கடைசியில், பழைய பாவங்களை இனி மறுபடி அறிக்கையிடுவதே இல்லை என்று முடிவெடுத்தார். விடுதலை வந்தது.

இன்றைய உளவியல் இதை ஓசிடி நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறது. உறுத்தல் எழும், அதைத் தணிக்க ஒரு செயலைச் செய்வார், சிறிது நேரம் நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதியே அடுத்த உறுத்தலுக்குத் தீனியாகும். ஆகவே சிகிச்சையில், உறுத்தல் வந்தாலும் அந்தச் செயலைச் செய்யாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்கள். நல்ல ஆன்ம குருக்களும் இத்தகையவரிடம் காலங்காலமாக இதைத்தான் சொல்லிவந்தார்கள்: ஒரே குருவிடம் போ, சொன்னதைத் திரும்பச் சொல்லாதே, சந்தேகம் வந்தாலும் நற்கருணை வாங்கு. ஐந்நூறு ஆண்டுக்கு முன் மன்ரேசாவில் எடுத்த முடிவும் இன்றைய சிகிச்சை அறையில் சொல்லித்தருவதும் இவ்வளவு நெருங்கி வருவது எனக்குப் பெரிய ஆறுதல். முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த சவேரியாரை அனுப்பியவர் இந்த இஞ்ஞாசியார். நமக்கு அந்நியர் அல்லர்.

மன்ரேசாவில் செய்த கடுந்தவங்கள் இஞ்ஞாசியாரின் உடல்நலத்தைக் கெடுத்தன. ஆயுள் முழுக்க அவதிப்பட்டார். பிறகு தம் சபையார் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தவம் செய்வதைக் கண்டித்தார். தவக்காலத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டு காலை உணவைத் தவிர்க்கும் ஆண்ட்டிமாருக்கு இதைச் சொல்கிறேன். ஒருசந்திக் கடமை 18 வயது முதல் 59 வயதுவரைதான். நோயாளிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர உபவாசம்கூட முதியோரையும் நோயாளரையும் கட்டாது. பூசைக்கு நடுவே மயங்கி விழுவதை ஆண்டவர் கேட்கவில்லை. சர்க்கரை இறங்கினால் மிட்டாயை வாயில் போடுங்கள்.

பேய், செய்வினை என்று அலைபவர்களுக்கும் ஒரு சொல். ஆயர் வெளிப்படையாக அனுமதி தராமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்தக் கூடாது. அதற்கு முன் நோயா என்று பார்க்க வேண்டும் என்பதும் திருச்சபையின் ஒழுங்கு. பிள்ளையை அங்கும் இங்கும் இழுத்துச் சென்று மாதங்களைக் கழித்தபின் கிளினிக்குக்கு வருகிறார்கள். அந்த மாதங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் பழைய பேச்சே நடக்கிறது: பூசை இல்லை, நரகம்தான். 1917-இன் சட்டத்தொகுப்பு திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. 1983-இன் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இன் மறைக்கல்வி நூல், கடுமையான மனநோயும் துயரமும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களுடைய மீட்பில் நம்பிக்கை இழக்காதீர்கள், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்கிறது. நம் நாட்டுச் சட்டமும் மாறிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைச் சிறையில் தள்ள வழிசெய்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2023-இல் வாக்களித்தது. திருச்சபையும் அரசும் மாறிய பிறகும் துக்க வீட்டில் நம் வாய் மட்டும் மாறாமல் இருப்பது பெரும் கொடுமை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் நரகம் என்ற சொல்லைப் போடாதீர்கள்.

எலியா இறைவாக்கினர் பாலைவனத்தில் ஒரு செடியின் அடியில் உட்கார்ந்து, உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். தூங்காதவரைப் பார்க்கப் போனால் அறிவுரையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி கொண்டுபோங்கள். அரசின் கிளினிக் கெசிஹாத்தானுக்கு ஒருமுறை அவரோடு போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளிதான். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனம் திறக்க வழி கிடைக்கும்.

பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த நோயாளர் நாளில் பூசுதலுக்கு அழைக்கும்போது “உடல் நோயாளரும் மன நோயாளரும் வாருங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாராந்தர அறிக்கைத் தாளில் பூசை நேரங்களுக்குக் கீழே இரண்டு எண்களை அச்சிடுங்கள்: 1970 முதல் கோலாலம்பூரில் தொண்டு செய்யும் பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண், 15555. இந்த ஞாயிறே அச்சிடலாம்.