தைப்பூசத்துக்கு மட்டும்தானா பினாங்கு?



விடுமுறைச் சுற்றுலா என்றால் சுற்றுலா நிறுவனத்தார் காட்டும் வழியில் போவதா, குடும்பமே கூடிப் பேசித் திட்டமிட்டுப் புறப்படுவதா என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி. பொதுப்படையாகப் பேசினால் இரண்டு பக்கமும் கைதட்டு வாங்கலாம். யாருக்கும் பயன் இருக்காது. ஆகவே ஓர் ஊரை முன்னால் வைத்துப் பேசுவதே நல்லது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பினாங்குத் தீவுதான் அந்த ஊர்.

பாலித் தீவுக்கும் புக்கெட்டுக்கும் பணம் கட்டிப் போய்வந்த குடும்பங்கள் பெட்டாலிங் ஜெயாவில் நிறைய உண்டு. பினாங்குக்கு? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போவார்கள். தண்ணீர்ப் பந்தல்களில் சாப்பிடுவார்கள். அன்றிரவே பேருந்து ஏறித் திரும்பிவிடுவார்கள். பத்து முறை போனவர்கூட அந்தத் தீவின் ஒரு தெருவைத்தான் பார்த்திருப்பார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

நிறுவனத்தாரோடு போகிறவர்கள் இன்னொரு விதம். காலையில் கொடிமலை, மதியம் கெக் லோக் சி புத்தர் கோயில், மாலையில் பத்து ஃபெரிங்கி கடற்கரை, இடையில் பலகாரக் கடை. பேருந்து எங்கே நிற்கிறதோ அங்கேதான் பசிக்க வேண்டும். எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று தலையை எண்ணுவதிலேயே பாதிநாள் போய்விடும். வயதான பெற்றோர், கைக்குழந்தை, நாற்பது பேர் கொண்ட குழு என்றால் இந்த ஏற்பாடு சரிதான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடக்கத் தெம்புள்ள ஒரு குடும்பத்துக்கு இது எதற்கு?

போகும் வழியே ஒரு சுற்றுலா

பெட்டாலிங் ஜெயாவில் தாமான் ஜெயாவிலோ ஆசியா ஜெயாவிலோ இலகு ரயில் ஏறினால் நேரே கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில் 2015ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளையும், புக்கிட் மேராவில் ரயில் ஏரியைக் கடந்து போவதையும் பிள்ளைகள் சன்னலோரம் அமர்ந்து பார்க்கலாம். காரில் போனால் ஓட்டுகிறவருக்குச் சாலை மட்டும்தான் தெரியும்.

பட்டர்வொர்த்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் படகுத்துறை. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலம் 1985இலும், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் 2014இலும் திறக்கப்பட்ட பிறகு, படகை மறந்தவர்கள் பலர். 2023 ஆகஸ்டு மாதம் நான்கு புதிய படகுகள் சேவைக்கு வந்தன. கார்களை ஏற்றுவதில்லை; நடந்து வருகிறவர்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்காரர்களும் ஏறலாம். ஒரு தீவுக்குள் கடல்வழியாகக் காலடி வைப்பதற்கும் பாலத்தில் நெரிசலில் நின்று போவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்தக் கடல்வழிதான் முன்னோர் வந்த வழி. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ரஜுலா கப்பல், 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ஓடியது. அந்தக் கப்பலின் பயணிகள் இந்த நாட்டில் முதலில் கண்ட கரை பினாங்கு. பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது இறங்கிய இடமும் பினாங்குத் துறைமுகம்தான். முதல் பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது இடப்புறம் பச்சைப் பசேலென்று ஒரு சிறு தீவு தெரியும். அதன் பெயர் ஜெரெஜாக். கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த முகாம் அங்கே இருந்தது. பாட்டனும் பாட்டியும் இந்த மண்ணில் முதலில் படுத்துறங்கிய இடம் அதுவாகவும் இருக்கலாம். இந்தத் தகவல் எத்தனை சுற்றுலாத் திட்டத்தில் அச்சாகியிருக்கிறது?

நடந்தால் தெரியும் தமிழ்

ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டு தொடங்கி வழிபாடு நடந்துவரும் மகா மாரியம்மன் கோயில். சற்றுத் தள்ளி, 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதே சாலையில் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில். 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நான்கையும் அரை மணி நேரத்தில் நடந்து பார்க்கலாம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. சமயம் பாராமல் தமிழர்கள் நேர்ந்துகொண்ட இடம்.

அந்தப் பள்ளிவாசலின் பெயரைப் படித்ததும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: ‘கெலிங்’ என்பது நம்மைத் திட்டும் சொல்லாயிற்றே, அதை ஏன் பள்ளிவாசலுக்கு வைத்தார்கள்? நல்ல கேள்வி. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அச்சொல், தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகப் பல நூற்றாண்டுகள் வழங்கியது. கப்பித்தான் கெலிங் என்பது ஒரு பதவி. காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் அந்தப் பதவியில் இருந்து தம் மக்களுக்குத் தலைவராக விளங்கினார். ஒரு காலத்தில் மரியாதையாக இருந்த சொல் பிறகு எப்படி வசையாக மாறியது என்பதைப் பள்ளிப் பாடநூலைவிட அந்தத் தெருமுனை நன்றாக விளக்கும்.

பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் கொடியேற்றினார். எட்டே ஆண்டுகளில், 1794இல், இங்கே குடியிருக்கும் சூலியர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். சூலியர் என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் அதற்கு முன்பே கெடாவில் கடை வைத்திருந்தவர்கள். ரப்பர்த் தோட்டங்கள் வருவதற்கு நூறாண்டு முந்திய கணக்கு இது. தமிழன் என்றால் பால்மரம் வெட்ட வந்தவன் என்று மட்டுமே நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். தோட்டத்து உழைப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த நாடே அதில் எழுந்தது. ஆனால் வணிகனாக, கப்பல்காரனாக, வட்டிக்கடைச் செட்டியாராக, கட்டடத் தொழிலாளியாக அவன் வந்த கதையும் தெரிய வேண்டாமா? 1857இல் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும், 1894 முதல் ஓடும் வெள்ளிரதமும் அந்தக் கதையின் ஒரு பக்கம்தான். தைப்பூசக் கூட்டத்தில் அதை நின்று பார்க்க முடியாது. சாதாரண நாளில் போனால் முடியும். மலைமேலுள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை நிதானமாக ஏறலாம்.

தோளில் வந்த சோறு

அடுத்தது சாப்பாடு. பினாங்கு என்றதும் நாசி கண்டார் நினைவுக்கு வரும். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடிபோல் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அந்தத் தண்டு போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. இன்று மலாய்க்காரரும் சீனரும் வரிசையில் நின்று சாப்பிடும் அந்தத் தட்டு, தமிழன் இந்த நாட்டுக்குக் கொடுத்த கொடை. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரே ஆகியவற்றோடு நாம் பசியாறும் பழக்கத்தை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் இரண்டு தமிழ் முஸ்லிம் கடைகளின் அடுப்போடு பிரிக்க முடியாதவை.

நம்மவர் சிலருக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு. அதையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். கோழி, மீன், மாட்டிறைச்சி எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவதுதான் நாசி கண்டாரின் ருசி. மாட்டிறைச்சி விலக்கும் குடும்பம் என்ன செய்வது? சோறு போடுவதற்கு முன்பே, “பாய், மாட்டுக் குழம்பு படாம போடுங்க” என்று தமிழில் சொன்னால் போதும். பல கடைகளில் தமிழிலேயே பதில் வரும். வேறு கரண்டி எடுப்பார்கள். அதுவும் மனத்துக்கு ஒவ்வாதவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சைவச் சாப்பாடு இருக்கிறது. ஒரே வேளையில் குடும்பம் இரண்டாகப் பிரிந்து சாப்பிட்டு மீண்டும் ஒன்று சேரலாம். நிறுவனத்தாரின் சாப்பாட்டுச் சீட்டில் இந்த வசதி கிடைக்காது.

மாலையில் பசெம்போர்: வெள்ளரிக்காய், வடை, இறால் பலகாரம் ஆகியவற்றை நறுக்கிச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்த காரக் குழம்பை ஊற்றித் தருவார்கள். வெயில் நேரத்தில் கெங் குவீ தெருவில் செண்டோல். ஆயர் ஹீத்தாம் பக்கம் போனால் அசாம் லக்சா. மீனும் புளியும் சேர்ந்த அந்தச் சாற்றைக் குடிக்கும்போது நம் வீட்டு மீன்குழம்பு நினைவுக்கு வராவிட்டால்தான் வியப்பு. ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் ஒரே நாளில் ஐந்து கடை பார்க்கலாம்.

தீவைச் சுற்றி ஒரு நாள்

இரண்டாம் நாள் கொடிமலை. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், 2011இல் புதுப்பிக்கப்பட்டது. உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காலையில் முதல் ரயிலுக்கே போவது நல்லது. பத்து மணிக்குமேல் வரிசை நீளும்.

மூன்றாம் நாள் தீவைச் சுற்றலாம். ஏறக்குறைய 70 கிலோமீட்டர் சாலை. 2007 முதல் ஓடும் ரேப்பிட் பினாங்கு பேருந்தில் தெலுக் பகாங் வரை போகலாம்; 2003இல் அரசு அறிவித்த தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. மேற்கே பாலிக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய்த் தோட்டங்கள், வயல்கள், டுரியான் குன்றுகள். ஜாதிக்காய்ச் சாறு குடிக்காமல் திரும்பக்கூடாது. ஒரு நாளுக்கு மட்டும் வாடகைக் கார் எடுத்தால் இந்தச் சுற்று எளிது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. நீண்ட வார விடுமுறையில் பாலம் நெரியும். இந்த இரண்டையும் தவிர்த்தாலே பாதி அலைச்சல் குறையும்.

யாருக்கு லாபம்?

கடைசியாக, பணத்தைப் பற்றி. சொந்தமாகப் போனால் மிச்சமா என்று கேட்கிறார்கள். சில சமயம் மிச்சம், சில சமயம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதுதான்.

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் உலக மரபுரிமை நகரமானது. ஆனால் அதற்கு முன்பே, 2000 ஜனவரி முதல் நாள், பழைய வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. அதுவரை குறைந்த வாடகையில் பழைய கடைவீடுகளில் குடியிருந்தவர்களும் தொழில் செய்தவர்களும் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். சுவர் நின்றது, சுவருக்குள் இருந்தவர்கள் போனார்கள். பல கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. அங்காடிக் கடைகளில் பிள்ளைகள் அடுப்பைத் தொட மறுக்கிறார்கள். 2016 முதல் அங்காடிக் கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் முதன்மைச் சமையல்காரராக இருக்கக்கூடாது என்று பினாங்கில் தடை விதித்தார்கள். தடை போட்டால் கைப்பக்குவம் காப்பாற்றப்படுமா? சாப்பிட ஆள் வந்து, மகன் கணக்குப் பார்த்து, இந்தத் தொழிலில் வாழலாம் என்று நம்பினால்தான் காப்பாற்றப்படும்.

பூ கட்டுகிறவர், மசாலா அரைக்கிறவர், பலகாரம் போடுகிறவர், பாத்திரக் கடைக்காரர் ஆகியோர் இருக்கும்வரைதான் அது லிட்டில் இந்தியா. அவர்கள் போய்விட்டால் மிஞ்சுவது வண்ண விளக்கு மாட்டிய தெரு. பேருந்தில் வந்து இருபது நிமிடம் படம் பிடித்துப் போகிறவர்களால் அவர்களுக்கு ஒரு காசு வருமானமில்லை. இரண்டு இரவு தங்கி, காலையில் அங்கே பசியாறி, மாலையில் பூ வாங்கும் ஒரு குடும்பத்தால் உண்டு.

வெளிநாட்டுப் பயணி வழிகாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டு சூலியா தெருவைத் தேடி வருகிறார். அந்தத் தெருவின் பெயரே நம் முன்னோரின் பெயர். ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவில் இருப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாமா? வரும் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளையே திட்டம் போடச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் நடப்பது, எங்கே சாப்பிடுவது என்று அவர்களே தேடட்டும். தேடிக் கண்டதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.