போட்டோகிராபரும் தொழிலாளியே!
(மயிலாப்பூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! ஆலையிலும் வயலிலும் பாடுபடுகிறவர் மட்டுமா உழைப்பாளி? மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகரிலும் ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோகிராபரை எண்ணிப் பாருங்கள். அவரை 'முதலாளி' என்றோம். அவரிடமிருந்த முதல் என்ன? ஒரு காமிரா, வாடகைக் கடை, ஓர் இருட்டறை. பகலில் படம் பிடிப்பார். இரவில் சிவப்பு விளக்கடியில் டெவலப்பரிலும் ஹைப்போவிலும் கை நனைப்பார். நெகட்டிவில் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பார். நம் தாய் தந்தையர் முகம் இன்றும் நம் வீட்டுச் சுவரில் இருப்பது அவர் கைவேலையால்தான்.

அந்நியப் பிலிமையே நம்பியிருந்த இத்தொழிலுக்கு, பொதுத்துறை கைகொடுத்தது. 1960-ல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உருவாயிற்று. 1967-ல் உதகையில் உற்பத்தி தொடங்கிற்று. 'இந்து' பிலிம் கடைகளுக்கு வந்தது. பின்னர் கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது, கைப்பேசியும் வந்தது. உதகை ஆலை நலிந்து மூடப்பட்டது, இருட்டறைகளும் பூட்டப்பட்டன. பிலிம் செய்தவரும் வேலையிழந்தார், அதைக் கழுவியவரும் வேலையிழந்தார்.

புதிய யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. அதன் லாபம் சிலருக்கு, நஷ்டம் உழைத்தவருக்கு என்பதையே எதிர்க்கிறோம். கல்யாண சீசனை நம்பி வாழும் போட்டோகிராபருக்கும் முதுமையில் பென்ஷன் வேண்டாமா? தோழர்களே, அவரையும் நம் சங்கத்திற்கு அழையுங்கள்!