பிறர் இட்ட பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசுவதற்கும் இசை பேசுவதற்கும் என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் இருக்கின்றனர். ஆதலின் நம் அன்றாட வாழ்வில் நாள்தோறும் காதில் விழும் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றேன். கறிகாய்க் கடையில் அச்சொல்லைக் கேட்கின்றோம், பேருந்தில் கேட்கின்றோம், வாடகைக்கு வீடு தேடிச் செல்லும் இடத்திலும் கேட்கின்றோம். அச்சொல் ‘மதராசி’ என்பது.

இச்சொல் பிறந்த கதை எளிது. ஆங்கிலேயர் ஆட்சியில் மதராஸ் மாகாணம் என்பது மிகப் பெரியதொரு நிலப்பரப்பு. தமிழ் மாவட்டங்கள் மட்டுமன்றிக் கடற்கரை ஆந்திரமும், இராயலசீமையும், மலபாரும், தென் கன்னடமும், பெல்லாரியும் அதனுள் அடங்கியிருந்தன. இன்று ஒடிசாவைச் சேர்ந்த கஞ்சம் பகுதிகூட 1936 வரையில் அம்மாகாணத்தோடு இருந்தது. அங்கிருந்து வந்தவர் எம்மொழியினராயினும், அரசாங்க ஏட்டில் அவர் மதராஸ்காரர். 1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுமென அறிவிக்கப்பட்டது. 1931-இல் புதுதில்லி திறந்து வைக்கப்பட்டது. அக்காலத்தில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் தென்னாட்டார் பலர் இங்கு வந்தனர். வந்தவர் எல்லோரையும் குறிக்க இந்நகரத்தாருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ‘மதராசி’ கையில் கிடைத்தது. அந்நாளில் அது வெறும் முகவரி. அதில் இகழ்ச்சி ஏதுமில்லை.

இவ்வழக்கம் தில்லிக்கு மட்டும் உரியதன்று, உலகெங்கும் உள்ளது. தூரத்து மக்களுள் எவரை முதலில் சந்திக்கின்றோமோ, அவர் பெயரையே அவர் இனம் முழுமைக்கும் சூட்டிவிடுகின்றோம். கிரேக்க மக்களுள் அயோனியர் ஒரு பிரிவினர். அவர் பெயரே திரிந்து ‘யவனர்’ என்றாகி, நம் பழந்தமிழ் நூல்களில் மேலைக் கடல் கடந்து வந்தோர் அனைவரையும் குறித்தது. ஃபிராங்கியர் என்போர் ஐரோப்பாவில் ஓர் இனத்தார். அராபியரும் பாரசீகரும் அப்பெயரை மேலை ஐரோப்பியர் அனைவர்க்கும் இட்டனர். 1498-இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் வந்திறங்கிய பின்னர் அதுவே நம் நாவில் ‘பறங்கி’ ஆயிற்று. சென்னைக்கு அருகே பறங்கிமலை அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. சமையற்கட்டில் பறங்கிக்காயும் தாங்கி நிற்கின்றது.

நெதர்லாந்தைப் பாருங்கள். அந்நாட்டின் 12 மாகாணங்களுள் வட ஹாலந்து, தென் ஹாலந்து என்னும் இரண்டே அப்பெயருக்கு உரியவை. ஆயினும் துறைமுகமும் வாணிகமும் அங்கே மிகுந்திருந்தமையால், உலகம் அந்நாடு முழுவதையும் ஹாலந்து என்றே வழங்கியது. 2020-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டரசு தன் விளம்பரங்களில் ‘ஹாலந்து’ என்பதைக் கைவிட்டு ‘நெதர்லாந்து’ என்றே எழுதலாயிற்று. மதராஸ் நமக்குச் செய்ததையே ஹாலந்து அவர்களுக்குச் செய்தது எனலாம்.

இதுவரை பேசியது முதற்படி: ஊர்ப்பெயரே ஆட்பெயர் ஆதல். இரண்டாம் படியில் பெயரோடு ஒரு குணமும் ஒட்டிக்கொள்கின்றது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கடலாட்சிக்குப் போரிட்டனர். அப்பகையின் நிழல் ஆங்கில மொழியில் இன்றும் படிந்திருக்கின்றது. குடித்தபின் வரும் துணிச்சல் அங்கே ‘டச்சுத் துணிச்சல்’. உண்டவரவர் தத்தம் பணத்தைக் கொடுக்கும் விருந்து ‘டச்சு விருந்து’.

இதனினும் வேடிக்கை ஒன்றுண்டு. ஐரோப்பாவில் ஒரு மேகநோய் பரவியபோது ஆங்கிலேயரும் இத்தாலியரும் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருசியரோ போலந்து நோய் என்றனர். அது இங்கு வந்து சேர்ந்ததும் நம் முன்னோர் ‘பறங்கிப் புண்’ என்று பெயரிட்டனர். நோய் ஒன்றே, ஒவ்வொருவரும் அதனை அண்டை வீட்டாருடையது என்று சொல்லிக்கொண்டனர். கெட்டது யாவும் வெளியிலிருந்தே வந்தது என எண்ணுவது மனித மனத்திற்கு எத்துணை எளிது, பாருங்கள்!

நமக்கும் இங்கு ஓர் உருவம் வரையப்பட்டது. நெற்றி நிறையத் திருநீறு, கையில் வடிகாபி, இலையில் இட்டலி சாம்பார், வாயில் தடுமாறும் இந்தி, பெட்டியில் சிக்கனமாகச் சேர்த்த காசு. 1968-இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில் நடிகர் மஹ்மூத் தென்னாட்டுச் சங்கீத ஆசிரியராகத் தோன்றி வடநாட்டையே சிரிக்க வைத்தார். நடிப்பு நயமானதே, நம்மவரும் சேர்ந்தே சிரித்தனர். சிரிப்பில் தீங்கில்லை. ஆனால் நாளடைவில், கண்ணெதிரே நிற்கும் மனிதர் மறைந்து படத்தில் கண்ட உருவமே தென்படத் தொடங்குகின்றது. மலையாளியும் தெலுங்கரும் கன்னடியரும் தமிழரும் வெவ்வேறு மொழியும் எழுத்தும் இலக்கியமும் உடையோர் என்பது அவ்வுருவத்தில் இல்லை. மதுரையில் கறிக்குழம்பு மணப்பதும் அதில் இல்லை.

மூன்றாம் படியே அஞ்சத்தக்கது. அங்கே பெயர் மனிதனின் தரத்தை நிர்ணயிக்கின்றது, உரிமையையும் அளக்கின்றது. 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பனை அடைந்தது. தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் அது. அம்மக்களை வெள்ளையர் ‘கூலி’ என்றனர், ‘சாமி’ என்றனர். ‘கூலி’ தமிழ்ச்சொல்லே என்று அறிஞர் பலர் கருதுவர். உழைப்பின் பயனை வள்ளுவரே அச்சொல்லால் குறித்தார். அத்தகைய சொல் கடல் கடந்ததும் வசையாயிற்று. 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகளும் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். தம் தன்வரலாற்றில் அவர் இதனை எழுதுகின்றார். ‘சாமி’ என்பதற்குத் தலைவன் என்று பொருள் என்பதை எடுத்துக்காட்டி, நான் உமக்குத் தலைவன் அல்லேனே என்று வெள்ளையரிடம் கூறவல்ல மதிநுட்பமுடைய இந்தியரும் அங்கு இருந்தனர் என்கின்றார். இழிவைச் சிரித்தே திருப்பிவிடும் இம்மறுமொழி நாமும் கற்கத் தக்கது.

மலாய் நாட்டிலோ கலிங்கம் என்பதன் திரிபாகிய ‘கிளிங்’ என்னும் சொல் தமிழரைக் குறித்தது. பினாங்கில் இந்தியச் சமூகத்தின் தலைவருக்குக் ‘கப்பித்தான் கிளிங்’ என்பது மதிப்பிற்குரிய பட்டம். அப்பெயரால் விளங்கும் பள்ளிவாசல் இன்றும் அந்நகருக்கு அணியாக நிற்கின்றது. பிற்காலத்தில் அச்சொல்லே தமிழர் மனத்தைப் புண்படுத்தும் ஏச்சாக மாறியது. ஆகவே இகழ்ச்சி எழுத்தில் இல்லை. சொல்பவர் குரலில் உள்ளது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1966-இல் தொடங்கப்பெற்ற சிவசேனை பம்பாயில் முதலில் தென்னாட்டாரை எதிர்த்தே கிளர்ந்தெழுந்தது. நாம் வாழும் இந்நகரில், 2014 ஜனவரியில், லாஜ்பத் நகர்க் கடையொன்றில் அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவரின் தலைமுடியைப் பழித்துச் சிரித்தனர். பேச்சு முற்றிக் கைகலப்பாயிற்று. அடியுண்ட அவ்விளைஞர் மறுநாள் உயிர் நீத்தார். அதன்பின் அரசு அமைத்த பெஸ்பருவா குழு, வடகிழக்கு மாநிலங்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் நம் பிள்ளைகள் பாடமாகப் படித்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேலிப்பெயர் எங்கே சென்று முடியும் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

பெயருக்காகவே உயிர் கொடுத்தவரும் நம்மிடை உண்டு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலையில், ‘தமிழ்நாடு’ எனப் பெயரிடல் வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாகக் கொண்டு விருதுநகரில் உண்ணாநோன்பு மேற்கொண்டார் தியாகி சங்கரலிங்கனார். 76 நாள் நோன்பிருந்து, அவ்வாண்டு அக்டோபர் 13-இல் அவர் மறைந்தார். 1963-இல் இதே தில்லியில், மாநிலங்களவையில், பூபேஷ் குப்தா என்னும் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் அப்பெயர் மாற்றத்திற்கு மசோதா கொணர்ந்தார். அதனை ஆதரித்துப் பேசிய அறிஞர் அண்ணாவிடம், பெயரை மாற்றுவதால் யாது பயன் என்று வினவினர். நாடாளுமன்ற அவைகளுக்கு லோக் சபை, ராஜ்ய சபை என்றும், குடியரசுத் தலைவருக்கு ராஷ்டிரபதி என்றும் பெயரிட்டீர்களே, அதனால் அடைந்த பயன் யாது என்று அவர் திருப்பிக் கேட்டார். மசோதா அன்று தோற்றது. எனினும் 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. 1969 ஜனவரி 14-இல் ‘தமிழ்நாடு’ நடைமுறைக்கு வந்தது. 1996-இல் மதராஸ் நகரமும் ‘சென்னை’ ஆயிற்று. மாகாணம் போயிற்று, நகரின் பெயரும் போயிற்று. ‘மதராசி’ மட்டும் தில்லியை விட்டுப் போகவில்லை.

நாமும் அப்பெயரை வெறுத்தே வந்தோம் என்று சொல்வதற்கில்லை. இன்று 7 பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமே முன்னாளில் ‘மதராசி’ என்னும் பெயரைத் தாங்கி வளர்ந்ததுதான். இந்தியத் தரைப்படையில் 1758 முதல் வரலாறு காணும் மதராஸ் ரெஜிமெண்டின் வீரர்கள் ‘வீர மதராசி! அடி கொல்லு!’ என்னும் முழக்கத்தோடு போர்க்களம் புகுவர். அங்கே அச்சொல்லுக்கு யார் தலை குனிவார்?

ஆனால் இவ்வாண்டு விழாவில் நாம் மறத்தற்கியலாத செய்தி ஒன்றுண்டு. ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையில் ‘மதராசி கேம்ப்’ என்னும் குடியிருப்பு இருந்தது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். நம் இல்லங்களில் வேலை செய்தவர் பலர் அங்கிருந்து வந்தோரே. கால்வாயைச் சீர்படுத்தும் பொருட்டு, உயர்நீதிமன்ற ஆணையின்படி, 2025 ஜூன் 1-இல் அக்குடிசைகள் இடிக்கப்பட்டன. சுமார் 370 குடிசைகளுள் 189 மட்டுமே மாற்று வீட்டிற்குத் தகுதியுடையனவாகக் கொள்ளப்பட்டன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் உள்ளன. ‘மதராசி’ என்னும் சொல் கோல் மார்க்கெட்டில் வசித்த அலுவலருக்கு ஒரு சிறு முள்ளாக இருந்தது. ஜங்புராவிலோ அது ஏழைகளின் முகவரியாகவே இருந்தது. அம்முகவரியும் இன்று இல்லை. பிறர் நம் எல்லோரையும் ஒரே பெயரால் அழைத்தனர். நாமோ அவர்களை ‘நம்மவர்’ என்று எத்தனை முறை அழைத்தோம்? இக்கேள்வியைச் சங்கத்தின் முன் வைக்கின்றேன்.

இனி நம் வாயிலிருந்து புறப்படும் பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் முறை. விந்தியத்திற்கு வடக்கே உள்ளவர் எல்லோரும் நமக்கு ‘இந்திக்காரர்’. வட்டிக்கடை வைத்தவர் எவராயினும் ‘சேட்டு’. போஜ்புரி, மைதிலி, ராஜஸ்தானி, கடுவாலி எனப் பலவாகப் பேசும் மக்களை ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றோம். மதராசி என்பதில் நாம் காணும் குறை இதில் இல்லையா? சர்தார்ஜியைப் பற்றிய துணுக்குகளை நம் வீடுகளிலும் சொல்லிச் சிரிக்கின்றோம். அவற்றைத் தடை செய்யக் கோரிய வழக்கில், மக்களின் ஒழுகலாற்றிற்கு நீதிமன்றம் விதி வகுக்க இயலாது என 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டம் செய்ய இயலாததை வீடுதான் செய்தாக வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இன்று கட்டடப் பணியிலும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலும் வடநாட்டுத் தொழிலாளர் பெருந்திரளாக உழைக்கின்றனர். ‘வடக்கன்’ என்னும் சொல் அங்கே பரவி வருகின்றது. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவ, அஞ்சியவர் பலர் ஊர் திரும்பினர். பீகார் அரசு அலுவலர் குழுவை அனுப்பி உண்மையறிந்தது. நம் பாட்டனார் தில்லி இரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்ற அதே நிலையில்தான் அவர்கள் இன்று சென்னை சென்டிரலில் நிற்கின்றனர். அவர்களை எப்பெயரிட்டு அழைக்கின்றோம் என்பதில் நம் பண்பாடு வெளிப்படும்.

செய்யத்தக்கது யாது? நம்மை ‘மதராசி’ என்பவரிடம் சினங்கொள்ள வேண்டுவதில்லை. என் ஊர் திருநெல்வேலி, என் மொழி தமிழ் என்று முகமலர்ந்து சொல்வோம். அத்தோடு நில்லாது, உங்கள் ஊர் எது, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்றும் கேட்போம். நம் பிள்ளைகள் வகுப்பில் உடனிருக்கும் மணிப்பூர்ப் பிள்ளையின் பெயரைச் சிதைக்காமல் உச்சரிக்கப் பழகட்டும். சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நரேலாவிற்குச் சென்ற குடும்பங்களையும், எங்கும் இடம் கிடைக்காத குடும்பங்களையும் தேடிச்சென்று, அவர்தம் பிள்ளைகளின் படிப்பும் தமிழும் தடைப்படாதிருக்க வழி காணுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவர்களையும் இம்மன்றத்தில் பெயர் சொல்லி வரவேற்போம்.