மேகத்தில் வைத்த தமிழ்ப் பாடங்கள்: கல்விக்கூடங்களும் தரவுச் சேமிப்பும்



இத்தகைய சொற்பொழிவு வரிசைகளில் பெரும்பாலும் இலக்கியமும் இலக்கணமும் மொழி வரலாறுமே பேசப்படுகின்றன. இன்று கணினித் துறையைச் சேர்ந்த ஒரு பொருளுடன் உங்கள் முன் நிற்கிறோம். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "தமிழ் மேடையில் வன்தட்டுக்கு என்ன வேலை?" என்று சிரித்தார். எங்களுள் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்ன பிறகு அவர் சிரிக்கவில்லை. அதை உங்களுக்கும் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

எங்கள் ஆசிரியர் குழுவில் ஓர் அம்மையார் இருக்கிறார். தொடக்கப்பள்ளியில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். கேட்டல் கருத்தறிதலுக்காகத் தம் குரலிலேயே பதிவு செய்த ஒலித்துண்டுகள், வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்காக ஈரச்சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் எடுத்த காணொளிகள், ஆண்டுதோறும் திருத்திய பயிற்சித்தாள்கள் என்று அவர் சேர்த்தவை ஏராளம். எல்லாவற்றையும் பள்ளி தமக்கு வழங்கியிருந்த மேகக் கணக்கில் வைத்திருந்தார். அவர் விடைபெற்ற சில வாரங்களில், அவருக்குப் பின் வந்த இளம் ஆசிரியர் அந்தக் கோப்புறையைத் திறந்தார். முதலில் அனுமதி இல்லை என்று வந்தது. பிறகு அந்த முகவரியே இல்லை என்று வந்தது. பணியை விட்டவரின் கணக்கு குறித்த நாளுக்குப்பின் மூடப்படும். அதில் உள்ளவையும் அழிக்கப்படும். விதி அதுதான். யாரும் தவறு செய்யவில்லை, எல்லாம் முறைப்படியே நடந்தது. எங்களை உறுத்தியதும் அதுதான்.

மேகம் என்ற சொல்லையே முதலில் பார்ப்போம். மேகம் என்கிறோம், முகில் என்கிறோம்; கிளவுட் என்றே தமிழில் எழுதுவோரும் உண்டு. சொல் எதுவாயினும், அது நம் மனத்தில் எழுப்பும் படம் ஒன்றே: எடையற்றது, எங்கும் இருப்பது, யாருக்கும் சொந்தமில்லாதது. உண்மை இதற்கு நேர்மாறானது. நம் கோப்புகள் சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங்கிலோ, பாலத்துக்கு அப்பால் ஜொகூரிலோ, அல்லது கடல் கடந்த வேறொரு நாட்டிலோ, குளிரூட்டப்பட்ட ஒரு கட்டடத்தின் அடுக்குகளில் இருக்கின்றன. அந்த இயந்திரங்கள் மின்சாரத்தையும் நீரையும் பெருமளவில் உண்பவை. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மின் பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கே சென்றது. 2019இல் புதிய நிலையங்களுக்கு அனுமதி வழங்குவதை அரசு நிறுத்தி வைத்ததற்கும், 2022இல் நிபந்தனைகளுடன் மீண்டும் திறந்துவிட்டதற்கும் இதுவே பின்னணி. சுருங்கச் சொன்னால், மேகம் என்பது வேறொருவருடைய கட்டடத்தில் உள்ள வேறொருவருடைய கணினி. முதல் நாளே வாடகை வீடு என்று பெயர் வைத்திருந்தால் நாம் இன்னும் கவனமாக இருந்திருப்போமோ என்று எங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு.

பள்ளிகள் இந்த வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தது மிக விரைவாக. அதற்குமுன் கணினி அறையின் மூலையில் ஒரு வழங்கி இருக்கும். ஆசிரியர் கழுத்துப்பட்டையில் ஒரு விரலி நினைவகம் தொங்கும். 2018இல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்துக்கும் மாணவர் கற்றல் தளம் வந்தது. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி முழுமையான வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியபோது, அதுவரை தயங்கியவர்களும் ஒரே வாரத்தில் அத்தளத்துக்குப் பழகிவிட்டார்கள். மலேசியாவில் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த மெய்நிகர் கற்றல் தளம் 2019ஆம் ஆண்டின் நடுவில் விடைபெற்றது. அதன் இடத்தில் கூகல் வகுப்பறை வந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் டெலிமா என்னும் கல்வித் தளம் தொடங்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடக்கம். தளம் மாறும்போதெல்லாம் பழைய தளத்தில் பாடுபட்டு ஏற்றிய பாடங்களை யார் எடுத்து வந்தார், யார் விட்டு வந்தார் என்பது அந்தந்த ஆசிரியரின் நேரத்தையும் பொறுமையையும் பொறுத்ததாகவே இருந்தது.

பல்கலைக்கழகங்களின் கதை சற்று வேறு. அங்கே முதலில் அளவில்லாத இடம் என்றார்கள். ஆய்வாளர்கள் நேர்காணல் ஒலிப்பதிவுகளையும் வருடப்பட்ட ஓலைப் படிமங்களையும் கணக்குப் பாராமல் ஏற்றினார்கள். 2021 பிப்ரவரியில் கூகல் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கான அளவற்ற சேமிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதன்பின் ஒரு நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து அடிப்படை அளவு 100 டெராபைட். சிறு பள்ளிக்கு அது கடல். பல்லாயிரம் மாணவர்களைக் கொண்ட பல்கலைக்கழகத்துக்குக் குளம். மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2024 முதல் இதே வழியில் நடந்தது. இலவசமாகக் கிடைத்த இடத்துக்கு எல்லை வந்ததும், எதை வைப்பது எதை அழிப்பது என்னும் கேள்வி ஆய்வாளர் மேசைக்கு வந்தது. பட்டம் பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர் தோட்டப்புறத்து முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்களின் மதிப்பை, இடத்தைக் கணக்கிடும் அலுவலர் எப்படி அறிவார்? அவர் கண்ணுக்குத் தெரிவது கோப்பின் அளவும் கடைசியாகத் திறந்த தேதியும் மட்டுமே.

இங்கே பலரும் மயங்கும் ஓர் இடம் உண்டு. ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. கைக்கணினியில் உள்ள கோப்பு மேகத்திலும் தெரிகிறது என்றால் இரண்டு படிகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒத்திசைவு என்பது கண்ணாடி போன்றது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே தவறாகத் திருத்தினால் அங்கேயும் தவறு ஏறும். குப்பைத் தொட்டியில் குறித்த நாள்வரை கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. காப்புப்படி என்பது மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும் தான் மாறாமல் தனியே நிற்பது.

மேகத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி நடந்ததை இங்குள்ள பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். மாணவர்களின் கற்றல் சாதனங்களை மேலாண்மை செய்த ஒரு செயலிக்குள் யாரோ ஊடுருவினார்கள். சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. ஆண்டிறுதித் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். குறிப்புகளை மேகத்திலும் வைத்திருந்த பிள்ளைகள் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். சாதனத்தில் மட்டுமே வைத்திருந்தவர்களின் உழைப்புதான் போனது. அன்று மேகம் காத்தது.

வேறொரு நாள் வேறொன்று காத்தது. ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழக ஊழியர்களுக்கென்று உருவான யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியம் 2024 மே மாதம் ஒரு வார காலத்துக்கு இணையத்திலிருந்து மறைந்தது. மேகச் சேவையை வழங்கிய பெருநிறுவனத்தின் பக்கம் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் அதன் கணக்கு முழுவதும் அழிந்துபோனது. இரண்டு இடங்களில் வைத்த படிகளும் சேர்ந்தே போயின, ஏனெனில் இரண்டும் ஒரே கணக்கின்கீழ் இருந்தன. வேறொரு நிறுவனத்திடம் தனியே வைத்திருந்த காப்புப்படியே அதை மீட்டது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்தது இன்னும் விசித்திரமானது. மீத்திறன் கணினியின் சேமிப்பகத்துக்குக் காப்புப்படி எடுக்கும் நிரலே பிழைபட்டு, 77 டெராபைட் அளவுள்ள ஆய்வுத் தரவுகளை, சுமார் 3 கோடியே 40 இலட்சம் கோப்புகளை, அழித்துவிட்டது. காவற்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை. தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் டேஜோன் நகரத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு அலுவலர்களின் பணிக்கோப்புகள் 858 டெராபைட் எரிந்தன. அளவு மிகப் பெரியது என்பதால் அவற்றுக்கு வெளியே ஒரு படி எடுத்து வைக்கப்படவில்லை. கணினியில் வைக்காமல் மையத்திலேயே வையுங்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள்.

தகவல் காப்பாளர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறோர் இடத்தில். நம் பாட்டிமார் விதைநெல்லைக் கையாண்டதும் ஏறக்குறைய இப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே குதிரில் கொட்டமாட்டார்கள்.

இனித் தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறோம். கோப்பு இருப்பது மட்டும் போதாது, அதைப் படிக்க முடியவேண்டும். 1990களிலும் அதன்பின் சில ஆண்டுகளிலும் நம் ஆசிரியர்கள் தட்டச்சு செய்தவை ஒருங்குறியில் இல்லை. திஸ்கி, 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டில் உருவான டாம், டாப், இவையன்றி ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு என்று பல வழிகள் இருந்தன. அக்கோப்புகள் இன்றும் மேகத்தில் பத்திரமாக இருக்கின்றன. திறந்தால் உரோம எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குவியல் தெரிகிறது. பழையது என்று எண்ணி அழிக்கிறார்கள். அழிப்பவருக்குத் தெரியாது, உள்ளே ஓர் ஆண்டுக்கான பாடத்திட்டமே இருக்கிறது என்று. மாற்றி மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவருவது கடினமான வேலை அன்று. ஆனால் அந்த எழுத்துருவின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒருங்குறி வந்தபின்னும் ஒரு நுட்பம் மிஞ்சியிருக்கிறது. ‘கொ’ என்னும் எழுத்தை இரு வழிகளில் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில தேடுபொறிகளுக்கும் சில பழைய இயங்குதளங்களுக்கும் அவை வேறு வேறு. ‘கொன்றை வேந்தன்’ என்று பெயரிட்ட கோப்பு கண்முன் இருக்க, தேடினால் கிடைக்கவில்லை என்று எங்களிடம் வந்தவர்கள் உண்டு.

இடம் போதாது என்று தமிழ் உரைகளை அழிப்போருக்கும் ஒரு சொல். ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஒருங்குறியின் பொது வடிவில் 15 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் 5 போதும். மும்மடங்கு என்று அஞ்சவேண்டாம். திருக்குறளின் 1330 பாக்களையும் வைத்தாலும் அரை மெகாபைட்டைத் தாண்டாது. கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படம் அதைவிடப் பெரிது. இடத்தை விழுங்குவது காணொளி. அழிக்கவேண்டுமானால் ஐந்து முறை எடுத்து வீணாய்ப்போன காணொளிகளிலிருந்து தொடங்குங்கள்.

காணொளி என்றதும் பிள்ளைகளின் நினைவு வருகிறது. வாய்மொழிப் பயிற்சிக்காக ஒன்பது வயதுக் குழந்தையின் முகத்தையும் குரலையும் பதிகிறோம். அது எத்தனை ஆண்டுகள் இருக்கும், யார் கேட்கலாம் என்று பெற்றோரிடம் சொல்கிறோமா? சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் கல்வி நிலையங்களைக் கட்டுப்படுத்துகிறது. அரசு அமைப்புகளுக்குத் தனி விதிகள் உண்டு. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் மத்திய, மாநில அரசுகளைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆசிரியரின் பாடம் நிலைக்கவேண்டும். பிள்ளையின் பதிவோ பயன் முடிந்ததும் அழியவேண்டும். நடைமுறையில் இது தலைகீழாக நடப்பதைக் காண்கிறோம்.

நாங்கள் எங்கள் குழுவில் செய்துவருவது சிறிது. பாடப்பொருள்களைத் தனிநபர் கணக்கிலிருந்து எடுத்து, குழுவின் பெயரிலுள்ள பகிர்வு இயக்ககத்துக்கு மாற்றினோம். அங்கே கோப்பின் உரிமை ஆளுக்கன்று, குழுவுக்கு. ஒருவர் விடைபெற்றாலும் கோப்பு நிற்கும். பள்ளி விடுமுறைதோறும் ஒருவர் முழுப்படியை வெளி வன்தட்டில் இறக்கி, தமிழ்த் துறையின் அலமாரியில் வைக்கிறார். பழைய குறியீட்டுக் கோப்புகளை மாற்ற ஓய்வுபெற்ற நால்வர் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். எங்கள் அம்மையாரும் அவர்களுள் ஒருவர். அவருடைய ஒலிப்பதிவுகளுள் சில, அவர் எப்போதோ ஒரு தோழிக்கு எரித்துக் கொடுத்த குறுந்தகட்டிலிருந்து கிடைத்தன. காணொளிகள் கிடைக்கவில்லை.

2015இல், சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டில், நம் சமூகம் தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் ஆக்கித் தந்தது. அச்சில் வந்தவற்றுக்கு அப்படி ஓர் இல்லம் கிடைத்தது. வகுப்பறையில் பிறந்து அச்சேறாமல் வாழும் தமிழுக்கு அத்தகைய இல்லம் இன்னும் இல்லை. யார் அதைக் கட்டலாம், எந்த அமைப்பின் பொறுப்பில் விடலாம் என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நூலகமே பொருத்தம் என்கின்றனர் சிலர். ஆசிரியர் சங்கம் என்கின்றனர் சிலர். அவையில் இருக்கும் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறோம். உங்கள் வீட்டில் பழைய எழுத்துருவில் கோப்புகள் இருந்தால், எழுத்துருவின் பெயரையும் குறித்து, வாயிலில் உள்ள நண்பர்களிடம் கொடுத்துச் செல்லுங்கள்.